காலி கோலும் என் அக்காவும்

என் அக்கா மூன்று முறை தேசிய சாம்பியன். இதை நான் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் முதலில் எந்த விளையாட்டில் என்று கேட்பார்கள். ஹேண்ட்பால் என்பேன். உடனே இரண்டு கையையும் கோர்த்து மேலே தட்டிக் காட்டி, "இதானே?" என்பார்கள். அது வேறு ஐயா. அது வலைக்கு மேலே தட்டுவது. இது பந்தைக் கையில் பிடித்து ஓடிப் போய் எறிந்து கோல் போடுவது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் ஓடுவார்கள், ஏழாவது ஆள் கோலைக் காப்பார். கோலி என்பார்கள். என் அக்கா கோலி. கையுறை கிடையாது, தலைக்கு எதுவும் கிடையாது. எதிரே ஒரு முரட்டுப் பெண் துள்ளி எழுந்து முழு பலத்தோடு பந்தை எறிவாள், இவள் கையையும் காலையும் விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் குதிக்க வேண்டும். புத்தி உள்ளவர்கள் செய்கிற வேலையா இது? என் அக்கா இருபது வருடத்துக்கு மேல் செய்தாள்.

பழக்கம் வீட்டில்தான் ஆரம்பித்தது. பயிற்சிக்கு அவள் பயன்படுத்திய கருவி நான். எங்கள் வீட்டுக் குளியலறை ஒரு குறுகலான நடையின் கோடியில் இருந்தது. காலையில் நான் துண்டோடு வந்தால் அவள் வாசலில் கைகாலை விரித்து நிற்பாள். இடது பக்கம் போவதுபோல் பாவனை காட்டி வலது பக்கம் பாய்வேன். ஏமாற மாட்டாள். தவழ்ந்து பார்ப்பேன், முழங்காலை மடக்கி அடைப்பாள். "அம்மா, இவ விட மாட்டேங்கிறா" என்று கத்தினால், சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து குளிச்சுத் தொலையுங்க" என்று பதில் வரும். அம்மா எங்கள் வழக்குகளை இந்த லட்சணத்தில்தான் விசாரிப்பாள். நான் பாதி நாள் குளிக்காமலே பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஹேண்ட்பால் அணி சேர்த்தபோது கோலில் நிற்க ஒருத்தியும் முன்வரவில்லை. அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ எறிந்த பந்து நேராக வந்து அவள் மூக்கில் விழுந்தது. மாஸ்டர் பதறி ஓடினார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடச் சொல்லுங்க சார், நான் சரியா பாக்கல" என்றாள். அந்த இடத்திலேயே அவளைச் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு இன்று சொந்தக் கண்ணாடிக் கடை இருப்பதற்கும் அவள்தான் காரணம். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவள் பழகுவாள். தெருவில் இருக்கும் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று எறிவார்கள். அவள் தடுத்தது போக மீதி, பின்வீட்டு ஜன்னலுக்குப் போகும். உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட அப்பா என்னைத்தான் அனுப்புவார். அளவெடுப்பது, வெட்டுவது, மக்கு வைத்து விளிம்பை ஒட்டுவது எல்லாம் அப்படித்தான் கைக்கு வந்தது. அவள் ஆட்டம் தேறத் தேற எனக்கு வேலை குறைந்தது. அவள் முதல் முறை சாம்பியன் ஆன வருடம் பின்வீட்டில் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. ஊரே கை தட்டியது. எனக்குத்தான் தொழில் படுத்துவிட்டது.

கல்யாணமும் பந்து முடித்து வைத்ததுதான். ஒரு ஆட்டத்தில் முன்பல் ஒன்று போயிற்று. பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு வாரம் பல் கட்டிய டாக்டர், மூன்றாவது வாரம் அவள் வாயில் பஞ்சை அடைத்து வைத்துவிட்டு, "உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். வாய் நிறையப் பஞ்சு இருக்கிறவள் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினாள். வலிக்கிறது என்று ஆட்டியதாக அவள் சொல்வாள், சம்மதம் என்று ஆட்டியதாக மாமா சொல்வார். எப்படியோ, அவள் கோட்டைவிட்ட அந்த ஒரு பந்தும் நல்லதாகவே அமைந்தது.

இரண்டாவது சாம்பியன் பட்டம் வந்த கதையை அவள் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். கடைசி நிமிடம், அக்காவின் அணி ஒரு கோல் முன்னால். அக்கா தன் அணிப் பெண் ஒருத்தியைப் பார்த்து, "ஏன்டி அந்தப் பக்கம் விட்ட?" என்று திட்டத் திரும்பினாள். அதற்குள் எதிரணி எறிந்த பந்து அவள் பின்மண்டையில் பட்டு வெளியே போனது. மறுநாள் பத்திரிகையில், பந்து வரும் திசையைப் பார்க்காமலே உணரும் அபூர்வத் திறமை என்று எழுதினார்கள். அப்பா அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினார். கண்ணாடி நான்தான் போட்டேன், சிரித்துக்கொண்டே.

இப்படிப்பட்டவளை வைத்துக் குடும்பம் நடத்துவது லேசு இல்லை. மேஜையிலிருந்து எது விழுந்தாலும் காலை நீட்டிவிடுவாள். மாமா ஒரு நாள் கைக்குழந்தையைத் தூக்கிப் போட்டு விளையாடியபோது, பாய்ந்து வந்து நடுவானில் குழந்தையைப் பிடித்து, அவரை ஒரு முறை முறைத்தாள். அவர் அதற்குப் பிறகு குழந்தையை உட்கார வைத்தே கொஞ்சினார். என் கடைக்குள் அவள் வரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். வாசலில் நாற்காலி போட்டிருக்கிறேன், அங்கேதான் உட்கார வேண்டும்.

முழங்கால் போனதும் அவள் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். பாராட்டு விழா வைத்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை யாரோ மேஜையிலிருந்து தட்டிவிட, அக்கா காலை நீட்ட, கடிகாரம் பிழைத்தது, மிச்சமிருந்த முழங்காலும் போனது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு கிளப் அவளை மகளிர் அணிக்குக் கோச்சாகப் போட்டது. அன்றைக்குத்தான் முகத்தில் களை வந்தது.

அவள் நல்ல கோச்சா என்று என்னைக் கேட்டால், பாதி மைதானத்துக்கு நல்ல கோச் என்பேன். தன் கோல் பக்கத்து அங்குலம் அங்குலமும் அவளுக்குத் தெரியும். எதிர்ப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை அவள் வாழ்நாளில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். தடுப்பாட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பாள். கோல் போடுவது எப்படி என்று பெண்கள் கேட்டால், "அங்க போய் எதையாவது பண்ணிப் போட்டுட்டு சீக்கிரம் திரும்பி வாங்க" என்பாள். அந்த அணியை யாராலும் எளிதில் அடிக்க முடியவில்லை. அந்த அணியாலும் யாரையும் அடிக்க முடியவில்லை. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள், மாமா உட்பட.

கிளப் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், எதுவும் முன்னால் போக வேண்டும் அவருக்கு. அதனால் ஒரு துணைக் கோச்சைப் போட்டார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பேனாவை எப்போதும் சட்டைப் பையில் செருகிய ஆள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எத்தனை பேர் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போடுவது அவர் தொழில். மீதி நேரத்தில் ஹேண்ட்பாலில் எத்தனை கோல் எப்போது விழும் என்று போடுவார். பெண்கள் அவருக்குக் கணக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கும் கணக்குக்கும் வந்த சண்டை ஒரே விஷயத்தில்தான். இந்த விளையாட்டில் தப்பு செய்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள், அதுவரை அணிக்கு ஒரு ஆள் குறைவு. அந்த நேரத்தில் பந்து நம்மிடம் இருந்தால், கோலியை வெளியே அழைத்துவிட்டு அவள் இடத்தில் ஓடுகிற ஒருத்தியை இறக்கலாம். தாக்குவதற்கு ஆள் சரியாகிவிடும். ஆனால் கோல் காலி. பந்தைப் பறிகொடுத்தால் எதிரணி அங்கிருந்தே எறிந்து கோல் போட்டுவிடும். இப்போது உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள்.

"கணக்குப்படி லாபம்தான் மேடம்" என்பார் கணக்கு.

"வீட்டத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போகச் சொல்றீங்களா?"

"திருடன் வர்றதுக்கான வாய்ப்பு ரொம்பக் கம்மி மேடம்."

"என் கோல்ல ஆள் இல்லாம நான் பாத்ததே இல்ல. இனிமேலும் பாக்க மாட்டேன்."

அந்த வருடம் முழுக்க அவள் கோலியை ஒரு முறைகூட வெளியே அழைக்கவில்லை. ஒரு ஆள் குறைவாகவே ஆடினார்கள். அப்படி ஆடியும் எப்படியோ முட்டி மோதி மேல் பிரிவுக்குப் போகும் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் செயலாளர் அவளைக் கூப்பிட்டு, "ஜெயிச்சா நீங்களே இருங்க. தோத்தா நாங்க வேற ஆள் பாக்கணும்" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் என் கடை வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வேலை போச்சுன்னா நான் எதைச் சொல்லிடா அந்த ஹாலுக்குள்ள போவேன்?" என்றாள். "டிக்கெட் வாங்கிட்டுப் போகணுமா?"

நான் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போய் டீ வாங்கி வந்தேன். எனக்குத் தெரிந்து அவளுக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தன்று நானும் மாமாவும் பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தோம். எங்கள் கோலி ஒரு நெட்டைப் பெண், பெயரே நெட்டைதான். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். அக்கா கத்துவதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள், ஆனால் நன்றாகத் தடுப்பாள். இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. கடைசி நிமிடத்தில் எங்கள் பெண் ஒருத்தி எதிரணிக்காரியின் சட்டையைப் பிடித்து இழுத்து, இரண்டு நிமிடம் வெளியே போனாள். அடுத்து வந்த எறிவை நெட்டை தடுத்தாள், பந்து எங்கள் கைக்கு வந்தது.

கணக்கு அக்கா காதருகே குனிந்தார். "மேடம், இப்பவாவது கூப்பிடுங்க. இது ஒண்ணுதான் வழி."

அக்கா பல்லைக் கடித்தாள். மாமா கட்டிய பல், அதனால் மாமாவும் கவலைப்பட்டார். பிறகு அவள் கையை உயர்த்தி நெட்டையை வெளியே வரச் சொன்னாள். நெட்டை நம்பவில்லை. "என்னையா?" என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள். "உன்னைத்தான், வா" என்று அக்கா கத்தினாள். நெட்டை வந்தாள், இன்னொருத்தி ஓடினாள், கோல் காலியானது.

அப்போது நடந்ததை மாமாவும் நானும் மட்டும்தான் முழுதாகப் பார்த்தோம். மற்றவர்கள் எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பந்தைப் பார்க்கவில்லை, காலி கோலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கோட்டோரமாக நகர்ந்தாள். கோச் தன் பெஞ்சை விட்டு அவ்வளவு தூரம் போகக் கூடாது. மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "மேடம், மேடம்" என்று கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை. எங்கள் பெண்கள் பந்தைப் பறிகொடுப்பதற்கு முன்பே அவள் பாதித் தூரம் போயிருந்தாள்.

பந்து பறிபோனது. எதிரணிப் பெண் தலையை நிமிர்த்தினாள், கோல் காலி என்று கண்டாள், அங்கிருந்தே உயரமாக எறிந்தாள். பந்து அந்தரத்தில் மெதுவாக வந்து, ஒரு தடவை தரையில் குத்தி, கோலுக்குள் நுழையப் போனது. பக்கவாட்டிலிருந்து பறந்து வந்தது ஒரு உருவம். இஸ்திரி போட்ட கால்சட்டை, கழுத்தில் கிளப் அட்டை, நாற்பத்தேழு வயது. ஒரு கையும் ஒரு காலும் ஒரே திசையில் நீண்டன. பந்து விரல் நுனியில் பட்டு வெளியே போனது. அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல தடுப்பு இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அக்கா துள்ளி எழுந்து, இரண்டு முஷ்டியையும் உயர்த்தி, "யாருடி அந்தப் பக்கம் விட்டது?" என்று தன் பெண்களைத் திட்டினாள். அவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள். மெதுவாக முஷ்டியை இறக்கினாள்.

பிறகு சிரிப்பு ஆரம்பித்தது. முதலில் எதிரணி பெஞ்சில், பிறகு எங்கள் பெஞ்சில், பிறகு ஹால் முழுக்க. இரண்டு நடுவர்களும் ஒரு மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் ஆலோசித்தார்கள். தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். திரும்பி வந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். அக்கா பெஞ்சை விட்டுப் பார்வையாளர் பக்கம் போக வேண்டும். எங்கள் அணிக்கு இன்னும் ஒரு ஆள் குறைவு. எதிரணிக்கு ஏழு மீட்டரிலிருந்து, கோலிக்கு நேருக்கு நேர் நின்று எறிய ஒரு வாய்ப்பு. அது உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது, அவள் வேலையும் முடிந்தது.

அக்கா படியேறி வந்து எனக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "என்னடா பண்ணிட்டேன்" என்றாள். "நானே கெடுத்துட்டேனே" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கீழே எறிய வந்தவள் பந்தைப் பிடித்து நின்றாள். எதிரே நெட்டை. எதற்கும் அலட்டிக்கொள்ளாத நெட்டை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர முடியவில்லை அவளால். எறிய வந்தவள் உதட்டைக் கடித்து அடக்கினாள். நடுவர் விசில் ஊதினார். நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குபீரென்று சிரித்தாள். அவ்வளவுதான், எறிய வந்தவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எறிந்த பந்து கோலுக்கு மேலே போய், பின்னால் மூன்றாவது வரிசையில் ஒருவர் மடியில் விழுந்தது.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கோச் வேலைக்கு இப்போது கணக்கு மட்டும் இருந்தார். மனிதர் பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார், பந்து வரும்போதெல்லாம் நெட்டையை வெளியே அழைத்தார். கோல் காலி, நிரம்பியது, காலி, நிரம்பியது. ஒவ்வொரு முறை காலியாகும்போதும் அக்கா இருக்கையிலிருந்து எழுந்தாள். நான் இடது கையைப் பிடித்தேன், மாமா வலது கையைப் பிடித்தார். வாயைத் திறக்க மறுக்கும் நோயாளிகளை வருடக்கணக்காகப் பிடித்து உட்கார வைத்தவர் அவர். அவர் பிடியிலிருந்து தப்ப முடியாது.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பெண்கள் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள், கணக்கைத் தூக்கிப் போட்டார்கள், பிறகு ஒரே கூச்சலாகப் படியேறி அக்காவைத் தேடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் செயலாளர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"சொன்ன சொல் மாற மாட்டேன் மேடம். அடுத்த வருஷமும் நீங்கதான் கோச்."

நான் பெருமூச்சு விட்டேன். அக்கா எழுந்து நின்றாள்.

"வேண்டாம் சார். கணக்கைக் கோச்சாப் போடுங்க."

"என்னக்கா சொல்ற?" என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இருடா" என்றாள். செயலாளரைப் பார்த்துச் சொன்னாள். "அவங்க ஜெயிச்சாங்க. எனக்கு சந்தோஷமா இருந்திருக்கணும். ஆனா கோல் காலியா இருந்தப்பல்லாம் எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. அங்க ஏன் நான் இல்ல? கோச்சுக்கு இப்படித் தோணக் கூடாது சார். பொறாமைல நான் ஒரு நாள் இவங்களைத் தோக்கடிச்சுடுவேன்."

செயலாளர் தலையைச் சொறிந்தார். "அப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"என்னை ஆட்டக்காரியா பதிவு பண்ணுங்க. ரெண்டாவது கோலி. நெட்டைக்குக் காய்ச்சல் வந்தா இறங்குறேன், வரலைன்னா பெஞ்சுல உக்காந்திருக்கேன். முட்டிக்குப் பட்டை கட்டிக்குவேன்."

மாமா ஏதோ சொல்ல வந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சம்மதம் என்று ஆட்டினாரா, வலிக்கிறது என்று ஆட்டினாரா, இன்னும் எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் பேனாவை எடுத்து, இரண்டு முழங்கால்களும் ஒரு வருடம் தாங்குவதற்கான வாய்ப்பை அங்கேயே போட்டுப் பார்த்து, விடையை யாரிடமும் சொல்லாமல் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் ஒரு ஆட்டத்தின் பாதியில் நெட்டைக்குக் கணுக்கால் பிசகியது. அக்கா கோலுக்குள் போனாள். பார்வையாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், சிலர் பழைய சம்பவத்தை நினைத்துச் சிரிக்கவும் செய்தார்கள். மூன்று பந்து தடுத்தாள், இரண்டு விட்டாள். அப்போது எங்கள் பெண் ஒருத்தி வெளியே போக, பந்து எங்களிடம் வர, கணக்கு எழுந்து நின்று தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பெஞ்சுக்குப் பின்னால் நான் கண்ணைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவள் ஓடி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கோல் காலியாக இருந்தது. கோச் சொன்னதைக் கேட்டாள். எங்கள் பெண்கள் கோல் போட்ட அதே நொடியில் துள்ளி எழுந்து கோலை நோக்கிப் பாய்ந்தாள். ஆனால் மாற்றி இறங்கிய பெண் கோட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் இவள் உள்ளே போகலாம். அந்தப் பெண் இன்னும் மைதான நடுவில் இருந்தாள். விசில் ஊதினார்கள். ஆள் அதிகம், தப்பு அக்காவுடையது, இரண்டு நிமிடம் வெளியே.

அவள் திரும்பி வந்து எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "கொஞ்சம் பொறுக்கக் கூடாதாக்கா? பாரு, வெளிய உக்கார வெச்சுட்டாங்க."

அவள் மூச்சு வாங்கத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு நிமிஷம்தானேடா" என்றாள்.